சுவரளவு மாம்பழம், நகமளவு மாம்பழம்

2024 ஜூலை 10-ஆம் தேதி நடந்த விக்கிரவாண்டி இடைத்தேர்தலில் 29 பேர் போட்டியிட்டார்கள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே இருக்கிற தொகுதி அது. ஒரு வாக்குப்பதிவு இயந்திரத்தில் 16 வரிசைக்கு மேல் இடமில்லை. நோட்டாவோடு சேர்த்து 30 வரிசை வந்ததால் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் இரண்டு இயந்திரங்கள் தேவைப்பட்டன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, அட்டை மறைப்புக்குள் தனியாக நின்று, அந்த முப்பதில் தான் மனதில் வைத்திருந்த ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும். கேட்டுச் சொல்லப் பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது.

அங்கே சின்னம் ஏறக்குறைய கட்டைவிரல் அகலம்தான். வண்ணம் கிடையாது, கறுப்பு மை மட்டும். பொத்தானை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிச் சன்னலில் ஒரு காகிதச் சீட்டு ஏழு விநாடி தெரிந்து உள்ளே விழும். அதிலும் அதே சின்னம்தான், ஆனால் கடையில் பில் அடிக்கிற அதே வெப்ப அச்சில். அதற்கு முந்தைய வாரங்களில் உதயசூரியனையும் மாம்பழத்தையும் மைக்கையும் அந்தப் பாட்டி தன் ஊர்ச் சுவரில் ஆளுயரத்துக்குப் பார்த்திருப்பார். துண்டு நோட்டீசிலும், ஆட்டோவின் முதுகிலும், தொண்டரின் சட்டைப்பையில் குத்திய பேட்ஜிலும் பார்த்திருப்பார். சுவரில் பார்த்ததும் சீட்டில் பார்ப்பதும் ஒன்றுதான் என்று அவர் கண்ணுக்கு அரை நொடியில் பட வேண்டும். படாவிட்டால் அந்தக் கட்சி ஒரு வாக்கை இழக்கும்.

லோகோ என்று நாம் சொல்வதற்கும் இதே வேலைதான். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒருவர் கடை திறக்கிறார், பள்ளிக்கூடம் நடத்துகிறார், பேக்கரி வைக்கிறார் என்றால், அவருடைய குறி பத்தடி போர்டிலும் நிற்க வேண்டும், கைப்பேசியில் நகமளவு வட்டத்திலும் நிற்க வேண்டும். நம்மில் பலர் லோகோவைக் கணினித் திரை நிறையப் பெரிதாக வைத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். அந்த அளவில் எதுவும் நன்றாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது, எந்த அளவுக்குச் சுருக்கினால், எந்த மோசமான காகிதத்தில் அடித்தால் அது அடையாளம் இழக்கிறது என்பதை. அடுத்தவர் கையால், கிடைத்த பொருளால், மட்டமான அச்சில் வரும்போதும் அதுவாகவே இருப்பதுதான் தேறிய குறி. இதைக் கற்றுக்கொள்ள வெளியூர்ப் புத்தகம் வேண்டாம். நம் ஊர்த் தேர்தல் சின்னங்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தேர்வை எழுதிக்கொண்டிருக்கின்றன.

1951–52-இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது நாட்டில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குத்தான் எழுத்து தெரியும். வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று வைத்து, பெட்டியில் சின்னத்தை ஒட்டினார்கள். வாக்காளர் தன் சீட்டை, வேண்டிய சின்னம் ஒட்டிய பெட்டியில் போட்டுவிட்டு வருவார். பிறகு எல்லாச் சின்னங்களையும் ஒரே சீட்டில் அச்சிட்டு முத்திரை குத்தும் முறை வந்தது. பெட்டியளவு இருந்த படம் ஒரு கட்டத்துக்குள் ஒடுங்கியது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுக்க இயந்திரம் வந்தது. கடைசியாக, கண்ணாடிச் சன்னலில் தெரியும் காகிதச் சீட்டு. ஊடகம் மூன்று முறை மாறியது. பெட்டியளவு இடம் பிறகு கிடைக்கவே இல்லை. முதல் தேர்தலில் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி சார்பில் இந்தப் பகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனவர் ஏ.கோவிந்தசாமி. அவரிடமிருந்த உதயசூரியனே பின்னர் தி.மு.க.வுக்கு வந்தது என்று அந்தக் கட்சியினர் சொல்லி வருகிறார்கள். அண்ணா அமைச்சரவையில் வேளாண் அமைச்சராக இருந்த அவருக்கு விழுப்புரத்தில் 2025 ஜனவரியில் நினைவரங்கம் திறக்கப்பட்டது. இரண்டு மலைகளுக்கு நடுவே எழும் அந்தச் சூரியன் பெட்டி, சீட்டு, இயந்திரம், வெப்ப அச்சு என்று நான்கையும் தாண்டி வந்திருக்கிறது.

தேர்தல் ஆணையத்தில் இந்தச் சின்னங்களில் பலவற்றைப் பென்சிலால் வரைந்தவர் எம்.எஸ்.சேத்தி. 1992-இல் ஓய்வு பெற்ற அந்த வரைவாளர் வரைந்த அன்றாடப் பொருட்கள் பல இன்றும் சுயேச்சைகளுக்கு ஒதுக்கும் பட்டியலில் இருக்கின்றன. அவருடைய வரைபடங்களைக் கலைக்கூடத்தில் மாட்ட யாரும் கேட்டதில்லை. ஆனால் நூறு கோடி பேருக்கு மேல் பார்த்து, புரிந்துகொண்டு, முடிவெடுத்த படங்கள் வேறு எந்த இந்திய ஓவியரிடமும் இல்லை என்று நான் நம்புகிறேன்.

இவை ஏன் தேறுகின்றன? முதல் காரணம் வெளிக்கோடு. மாம்பழத்தின் உள்ளே எதையும் வரையாமல் முழுக்கக் கறுப்பாக நிரப்பினாலும், ஒரு பக்கம் வளைந்த அந்த மூக்கும் காம்பும் அது மாம்பழம் என்று சொல்லிவிடும். பானையும் அப்படித்தான்: குறுகிய கழுத்து, விரிந்த வாய், உருண்ட வயிறு. 2024 மக்களவைத் தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் ரவிக்குமார் விழுப்புரம் தொகுதியில் பானைச் சின்னத்தில் நின்று வென்றார். அதே தொகுதியில் 2019-இல் அவர் வென்றது உதயசூரியனில். வேட்பாளர் அவரே, சின்னம் புதிது. ஐந்தாண்டு இடைவெளியில் ஒரு தொகுதி முழுவதும் வேறு படத்தை மனதில் ஏற்றிக்கொள்ள முடிந்ததற்குப் பிரசாரமும் கூட்டணியும் காரணம் என்றாலும், பானையின் எளிமைக்கும் அதில் பங்குண்டு. அதை வரைய யாரும் பயிற்சி பெற வேண்டியதில்லை.

மாறாக, படம் சிக்கலானால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் சான்று இருக்கிறது. 2019-இல் நாம் தமிழர் கட்சிக்குக் கரும்பு விவசாயி சின்னம் கிடைத்தது. மனித உருவமும் கரும்புக் கழிகளும் சேர்ந்த படம் அது. கருத்தாகப் பார்த்தால் அந்தக் கட்சிக்கு அதைவிடப் பொருத்தமானது அமையாது. ஆனால் இயந்திரத்தில் ஒட்டிய தாளில் தங்கள் சின்னம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது என்று அந்தக் கட்சி அப்போது முறையிட்டது. அச்சின் குறை எவ்வளவோ, அது ஒரு பக்கம் இருக்கட்டும். மெல்லிய கோடுகள் பல சேர்ந்த படம் சிறிதானால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சாம்பலாகத் தெரியும் என்பது எந்த அச்சுக்கும் பொது. மாம்பழத்தின் கோடு கொஞ்சம் தேய்ந்தாலும் மாம்பழம் மிஞ்சும். மனித உருவத்தின் கோடு தேய்ந்தால் யாரோ ஓர் ஆள் நிற்பதுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

தெலங்கானாவிலிருந்து இன்னொரு சான்று. அங்கே அப்போது தெலங்கானா ராஷ்டிர சமிதி என்ற பெயரில் இருந்த கட்சியின் சின்னம் கார். சாலை போடும் ரோடு ரோலர் படம் அதே தாளில் வேறு வேட்பாளருக்குப் போனதால் தங்கள் வாக்கு சிதறுகிறது என்று அந்தக் கட்சி பல ஆண்டுகள் ஆணையத்திடம் போராடியது. தெருவில் காரையும் ரோடு ரோலரையும் குழப்பிக்கொள்பவர் யாருமில்லை. கட்டைவிரல் அளவுக் கறுப்புப் படமாகும்போது இரண்டும் சக்கரத்தின் மேல் ஒரு பெட்டி. ஆகவே உங்கள் லோகோ தெளிவாக இருந்தால் மட்டும் போதாது. அதே தெருவில், அதே தொழிலில் இருப்பவர்களின் லோகோக்களோடு சேர்த்து, எல்லாவற்றையும் சின்னதாக்கி ஒரே தாளில் வைத்துப் பார்க்க வேண்டும். எந்த டிசைனரும் தானாக இதைச் செய்து காட்டுவதில்லை. கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது காரணம், பலரும் கவனிக்காதது: சின்னத்துக்கு வாயால் சொல்ல ஒரு பெயர் இருக்கிறது. மாம்பழம், பானை, மைக், முரசு. ஒலிபெருக்கியில் அதைச் சொல்லலாம். கண் தெரியாதவருக்கும் அது போய்ச் சேரும். கையால் காட்டவும் முடிந்தால் இன்னும் பலம். 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அ.தி.மு.க. முதன்முதலாக இரட்டை இலையில் நின்றது; இரண்டு விரலை உயர்த்தினால் அது இலையாகிவிட்டது. ஐந்து விரலையும் விரித்தால் சூரியனின் கதிர். வேனில் நின்றபடி கை காட்டிப் போகும் தலைவரின் கையே அங்கே அச்சகம். பானையை விரலால் காட்ட முடியாது. ஆனால் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் போகலாம். உங்கள் கடை லோகோவை ஒருவர் போனில் இன்னொருவருக்கு வழி சொல்லும்போது எப்படிச் சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். "அந்த மயில் போட்ட கடை" என்று சொல்ல முடிந்தால் நல்லது. "ஏதோ ரெண்டு எழுத்து வளைஞ்சு நெளிஞ்சு இருக்குமே" என்றால் அந்தக் குறி காதுவழி பரவாது.

மூன்றாவது, வண்ணத்தையும் வடிவத்தையும் கட்சிகள் பிரித்து வைத்திருக்கும் விதம். பா.ம.க. கொடியில் நீலம், மஞ்சள், சிவப்பு இருக்கிறது. மாம்பழம் வாக்குத்தாளில் வெறும் கறுப்பு. வண்ணம் கொடியின் வேலை, வடிவம் சின்னத்தின் வேலை. ஒன்று இல்லாத இடத்தில் மற்றது நிற்கும். கட்சிக் கரை வேட்டியில் படமே கிடையாது. கரையில் ஓடுகிற கோடுகளின் நிறத்தை வைத்தே ஒருவர் எந்தக் கட்சி என்று பேருந்து நிலையத்தின் மறுகோடியிலிருந்து சொல்லிவிடலாம். வியாபாரத்துக்கும் இதுவே சரி. சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு இழைந்து போகும் வண்ணத்தில்தான் லோகோ புரியும் என்றால், ரப்பர் ஸ்டாம்பில் அது புரியாது. முதலில் கறுப்பில் முடித்துவிட்டு, பிறகு வண்ணத்துக்குப் போக வேண்டும்.

சுவர் எழுதுபவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தேர்தல் நெருங்கினால் சென்னை–திருச்சி சாலையோரம் சுவர்களுக்கு வெள்ளையடித்து, ஆண்டைப் போட்டு, இடம் பிடித்து வைப்பார்கள். எழுத வருகிறவரிடம் கணினிக் கோப்பு இருக்காது. சிலர் தகரத்திலோ அட்டையிலோ வெட்டிய அச்சை வைத்து நிறத்தை ஒற்றுவார்கள். கை தேர்ந்தவர் நூலடித்துக் கட்டம் போட்டு நேரே வரைவார். ஒரு சூரியனுக்குப் பதினோரு கதிர் இருக்கும், அடுத்த ஊர்ச் சூரியனுக்கு ஒன்பது. ஒரு மாம்பழம் மல்கோவா போல உருண்டிருக்கும், இன்னொன்று கிளிமூக்கு போல நீண்டிருக்கும். யாரும் குழம்புவதில்லை. சூரியனுக்கு எது உயிர், எது உடை என்பது அந்த ஓவியருக்குத் தெரியும்: மலைகளின் நடுவே அரைவட்டமும் அதிலிருந்து கிளம்பும் கோடுகளும் இருந்தாக வேண்டும், கோட்டின் எண்ணிக்கை எப்படியும் இருக்கலாம். பெரிய நிறுவனங்கள் தங்கள் லோகோவை எங்கே எப்படிப் போடலாம் என்று ஐம்பது பக்கக் கையேடு அச்சிடுகின்றன. அந்தக் கையேட்டின் சாரம் இந்த ஓவியரின் கையில் இருக்கிறது. ஃப்ளெக்ஸ் வந்தபின் இவர்களுக்கு வேலை குறைந்து, பலர் வேறு பிழைப்புக்குப் போய்விட்டது எனக்கு வருத்தம் தருகிறது. அவர்களோடு போனது சித்திரம் மட்டுமல்ல. ஒரு குறி எவ்வளவு விகாரப்படும்வரை பிழைக்கும், எந்த இடத்தில் உடையும் என்ற அறிவும் போகிறது.

இதே மண்ணைச் சேர்ந்த ஒருவர்தான் நாடு முழுதும் தினமும் எழுதும் ஒரு குறியை வரைந்தார். ரூபாய்க் குறியை உருவாக்கிய டி.உதயகுமார் கள்ளக்குறிச்சியில் பிறந்தவர். 2019 வரை அந்த ஊர் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. மும்பை ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்துருக்கள் பற்றி முனைவர் ஆய்வு செய்துகொண்டிருந்த காலத்தில் நிதி அமைச்சகம் போட்டி அறிவித்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட வடிவங்கள் வந்தன. ஐந்து இறுதிச் சுற்றுக்குப் போயின. 2010 ஜூலை 15-ஆம் தேதி மத்திய அமைச்சரவை இவருடையதைத் தேர்ந்தெடுத்தது. தேவநாகரி 'ர'வையும் ஆங்கில 'ஆர்' எழுத்தையும் ஒன்றாக்கி, மேலே இணையாக இரண்டு கோடு.

எவ்வளவு வகையான இடங்களில் அது நிற்க வேண்டியிருந்தது என்று பாருங்கள். 2011-இல் நாணயத்தில் ஏறியது. அங்கே மை கிடையாது, உலோகத்தின் மேடுபள்ளம் மட்டும். அடுத்து ரூபாய் நோட்டு. 2010 அக்டோபரில் வெளியான யூனிகோட் 6.0-இல் அதற்கு எண் கிடைத்தது. ஆனாலும் பழைய கைப்பேசிகளில் சில காலம் அந்த இடத்தில் வெறும் கட்டம்தான் தெரிந்தது, ஏனென்றால் அவற்றின் எழுத்துருவில் அந்தக் குறியே இல்லை. காய்கறிக் கடைக்காரர் சாக்பீஸால் பலகையில் எழுத வேண்டும். எழுத்துரு செய்பவர் அதை எண்களின் அகலத்துக்கே செய்தால்தான் விலைப்பட்டியலில் எண்கள் நேராக நிற்கும். இந்தக் குறியின் பலவீனமான இடம் மேலே உள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கும் சந்து. மிகச் சிறிய எழுத்தில் அந்தச் சந்து அடைபட்டு இரண்டும் ஒரே தடித்த கோடாகிவிடும். நல்ல எழுத்துருக்களில் சிறிய அளவுக்கென்று கோட்டை மெலிதாக்கிச் சந்தைக் காப்பாற்றியிருப்பார்கள். சந்து அடைந்தாலும் வளைவும் கீழே இறங்கும் சாய்ந்த காலும் இருப்பதால் அது ரூபாய்க் குறியாகவே வாசிக்கப்படுகிறது. ஒரு பகுதி தோற்கும்போது மற்றப் பகுதி தாங்குகிறது.

இனி நம் கடைக்கு வருவோம். திண்டிவனத்தில் ஒருவர் மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய் ஆட்டி விற்கும் செக்குக் கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக வரும் யோசனை: வட்டத்துக்குள் மரச்செக்கு, அதைச் சுற்றும் மாடு, பின்னால் உதயம், கீழே மல்லாட்டைச் செடி, சுற்றிலும் கடைப் பெயர், 'பாரம்பரிய மரச்செக்கு எண்ணெய்' என்ற வரி, தொடங்கிய ஆண்டு. போர்டில் பார்க்க நிறைவாக இருக்கும். இதை ஒவ்வோர் இடமாகக் கொண்டுபோவோம்.

முதலில் பில். கடைகளில் இருக்கும் 58 மில்லிமீட்டர் தாள் அச்சுப்பொறி ஒரு மில்லிமீட்டருக்கு எட்டுப் புள்ளிகள் அடிக்கும். தாளின் குறுக்கே அச்சு விழும் பகுதியில் மொத்தம் 384 புள்ளிகள். ஒரு புள்ளி அடிக்கும் அல்லது அடிக்காது, சாம்பல் நிறம் என்பதே அதற்குக் கிடையாது. லோகோவை 12 மில்லிமீட்டர் உயரத்துக்கு வைத்தால் 96 புள்ளிக்குள் மாடு, செக்கு, செடி, எழுத்து எல்லாம் அடங்க வேண்டும். மாட்டின் மூக்கணாங்கயிறு ஒரு புள்ளிக்கும் குறைவு, அது வராது. வட்டத்தைச் சுற்றிய எழுத்து அழுக்குக் கோடாகத் தெரியும். அடுத்து வாட்ஸ்அப். கடையின் படம் வட்டமாக வெட்டப்பட்டு, அரட்டைப் பட்டியலில் சுண்டுவிரல் நகமளவில் நிற்கும். நீளமாக எழுதிய பெயரை அதில் போட்டால் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் வெட்டுப்படும். இணையதளம் வைத்தால் உலாவியின் தாவலில் தெரியும் படம் இன்னும் சிறிது: குறுக்கே 16, நெடுக்கே 16 கட்டம். பதினாறு புள்ளிக் கோலம் போல, அந்தக் கட்டங்களுக்குள் எது பிடிபடுமோ அதுதான் உங்கள் லோகோவின் எலும்பு. ரப்பர் ஸ்டாம்பில் மை பரவும்; அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த சந்துகள் அடைந்துவிடும். வேலையாட்களின் சட்டையில் நூலால் தைத்தால், ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய கோடு ஊசிக்கு அடங்காது. கட்டைப்பையில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிச் சட்டம், தனிக் கூலி. புத்தாண்டுக்குச் சிவகாசியில் அடித்துக் கொடுக்கும் தினசரி காலண்டரில் மட்டும் அந்த வட்டமும் மாடும் ஆசைப்பட்டபடி வரும்.

ஆகவே மாட்டையும் செக்கையும் விட்டுவிட்டு, மல்லாட்டையை எடுப்போம். இரண்டு புடைப்பும் நடுவில் இடுப்பும் உள்ள அந்தத் தோடு இந்தப் பக்கத்தில் யார் கண்ணுக்கும் தெரிந்தது. வெறும் நிழலுருவாகவே அடையாளம் சொல்லும். ஆனால் எண்ணெய்க் கடைகள் பலவும் மல்லாட்டையைத்தான் போடும். தெலங்கானாவின் காருக்கும் ரோடு ரோலருக்கும் நேர்ந்தது நேரும். அதனால் கீழ்ப் புடைப்பின் உள்ளே ஒரு எண்ணெய்த் துளியின் வடிவத்தை வெள்ளையாகவே விட்டுவிடுவோம். 12 மில்லிமீட்டர் உயரத்தில் அந்தத் துளிக்கு இரண்டு மில்லிமீட்டராவது அகலம் கிடைக்கும். பில்லில் அது பதினாறு புள்ளி. ஸ்டாம்பில் அடையாது. நூலில் தைக்கலாம். தகரத்தில் வெட்டிச் சுவரில் ஒற்றலாம். துளியைப் பிடித்து நிறுத்த ஒரு மெல்லிய பாலம் விட்டால் போதும். "துளி போட்ட மல்லாட்டைக் கடை" என்று வழியும் சொல்லலாம். ஆண்டும் விளம்பர வரியும் போர்டுக்கு மட்டும்.

பெயரைத் தமிழில் எழுதும்போது தனிக் கவனம் வேண்டும். நம் எழுத்தில் சுழிகள் அதிகம். 'ணை', 'ஞ', 'ஜ' போன்றவை தடித்த எழுத்துருவில் சிறிதாகும்போது சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைந்து கறுப்புக் கட்டியாகும். அதைவிட ஆபத்து மெய்யெழுத்தின் புள்ளி. 'விழுப்புரம்' என்பதில் இரண்டு புள்ளி இருக்கிறது. மட்டமான அச்சில் அவை உதிர்ந்தால் படிப்பவர் ஊகித்துக்கொள்வார், ஆனால் அறியாத கடைப் பெயரில் ஊகிக்க முடியாது. லோகோவுக்கென்று எழுத்தை வரையும்போது புள்ளியைக் கோட்டின் தடிமனுக்குக் குறையாமல், எழுத்தின் தலையிலிருந்து நன்றாக விலக்கி வைக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்துக்குச் செய்த அளவுகளைத் தமிழுக்கு அப்படியே போட்டால் மேலே இகரக் கொக்கியும் கீழே உகரச் சுழியும் போர்டின் விளிம்பில் இடிக்கும். தமிழ் வரிக்கு மேலும் கீழும் கூடுதல் இடம் தேவை.

பெரிய அளவிலும் தோற்க முடியும் என்பதைச் சாலையில் பார்க்கலாம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர், நல்ல நாற்கரச் சாலை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறார். ஓர் அங்குல உயர எழுத்தைப் பத்தடி தூரத்திலிருந்து சிரமமின்றிப் படிக்கலாம் என்பது போர்டுத் தொழிலில் புழங்கும் கணக்கு. அப்படியானால் நூறு மீட்டர் முன்பே கண்ணில் பட, எழுத்து ஏறக்குறைய இரண்டே முக்கால் அடி உயரம் இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் அவருக்குக் கிடைப்பது நாலரை நொடிதான். சாலையோர உணவகங்களின் போர்டில் லோகோ, உரிமையாளர் படம், பட்டியல், இரண்டு தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். நாலரை நொடியில் ஒன்றும் போய்ச் சேராது. குறியும் பெயரும் மட்டும் இருந்தால் சேரும்.

எல்லா இடத்துக்கும் ஒரே வடிவம்தான் என்று அடம்பிடிக்கவும் தேவையில்லை. தமிழக அரசின் முத்திரையை 1949-இல் ஓவியர் ஆர்.கிருஷ்ணராவ் வரைந்தார். கோபுரத்தின் நிலைகள், சிங்கத் தூண், இரு பக்கமும் கொடி என்று நுணுக்கம் நிறைந்தது. அரசாணையின் தலைப்பில் சிறிதாக அச்சாகும்போது பொம்மைகள் எதுவும் தெரியாது; கோபுரத்தின் வெளிக்கோடு மட்டுமே அதைத் தாங்குகிறது. அரசு முத்திரைக்கு அந்தக் கம்பீரம் வேண்டும், மாற்றவும் கூடாது. கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஸ்டேட் வங்கிக்கு 1971-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் சேகர் காமத் செய்த நீல வட்டமும் சாவித்துளையும் போல, பெயர் இல்லாமலே நிற்கும் ஒரு குறியை முதலில் முடித்துவிட்டால், அதற்குப் பக்கத்தில் பெயரை வைத்து நீள வடிவம் ஒன்று, கீழே வைத்துச் சதுர வடிவம் ஒன்று, குறி மட்டும் ஒன்று, கறுப்பில் ஒன்று, கறுத்த பின்னணியில் வெள்ளையாக ஒன்று என்று குடும்பமாகச் செய்துகொள்ளலாம். முகஜாடை ஒன்றாக இருந்தால் போதும்.

டிசைனரிடம் வாங்க வேண்டிய கோப்பு பற்றிக் கடைசியாக. படக் கோப்பு இரண்டு வகை. ஜேபெக் என்பது புள்ளிகளை அடுக்கி வைத்த படம். 500 புள்ளி அகலமுள்ள ஜேபெக்கைப் பத்தடி ஃப்ளெக்ஸாக இழுத்தால் ஒவ்வொரு புள்ளியும் ஆறு மில்லிமீட்டர் சதுரமாகும், ஓரமெல்லாம் படிக்கட்டாகத் தெரியும். கோரல் டிரா, இல்லஸ்ட்ரேட்டர், எஸ்.வி.ஜி. கோப்புகள் வேறு: எங்கே தொடங்கி எப்படி வளைந்து எங்கே முடிய வேண்டும் என்ற கணக்கை மட்டும் வைத்திருக்கும். அதை நகமளவுக்கும் இறக்கலாம், பாலத்தின் அளவுக்கும் ஏற்றலாம். பணம் கொடுக்கும்போதே இந்தக் கணக்குக் கோப்பை, எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிய நிலையில், கேட்டு வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் வேறு கடையில் திறக்கும்போது தமிழ் எழுத்துரு இல்லாமல் பெயர் குளறுபடியாக வரும். ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

போர்டுக்குப் பல ஆயிரம் ஆகும். ரப்பர் ஸ்டாம்புக்குச் சில நூறு ரூபாய்தான். முதலில் ஸ்டாம்ப் செய்து, ஒரு பழுப்புக் காகித உறையில் பத்து முறை குத்திப் பாருங்கள். பில் மிஷினில் ஒரு சீட்டு எடுத்து, கடைக்கு வரும் ஒரு பிள்ளையிடம் காட்டி, பார்க்காமல் திருப்பி வரையச் சொல்லுங்கள். பிள்ளை வரைந்ததில் மல்லாட்டையும் துளியும் இருந்தால் போர்டுக்கு முன்பணம் கொடுக்கலாம்.